போலி யாரோடு நிற்க வேண்டும்?

தெரியாமல் நம் கைக்கு வந்த ஒரு போலியை, போலி என்று தெரிந்த பிறகு, அடுத்தவர் கைக்கு மாற்றலாமா? கள்ளநோட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் உடனே ‘கூடாது’ என்பார்கள். கூட்டம் நிறைந்த கடையில் அதை மடித்துத் தள்ளிவிட்டு வந்தவர்கூடத் தான் செய்தது சரி என்று வாதிட மாட்டார். ஆனால் பொருள் சிறியதாகவும் விளையாட்டுக்குரியதாகவும் இருந்து, எதிரில் நிற்பவருக்கு வித்தியாசமும் தெரியாது என்றால் அந்தத் தெளிவு கலைந்துவிடுகிறது. டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்களில் நடக்கும் ‘பின்’ பரிமாற்றத்தில் இதைப் பார்க்கலாம். 1999 அக்டோபரில், ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், புத்தாயிரக் கொண்டாட்டத்தோடு தொடங்கிய வழக்கம் அது. ஊழியர்கள் கழுத்துப்பட்டையில் எனாமல் பூசிய சிறு பின்களைக் குத்தியிருப்பார்கள். வருகிறவர் தம்மிடமுள்ள அசல் பின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்று, பேரம் கிடையாது. இந்தத் தாராளத்தை நம்பி, இணையத்தில் மூட்டையாக மலிவு விலைக்கு விற்கும் போலிகள் உள்ளே நுழைந்தன. சேகரிப்பவர்கள் அவற்றை ‘ஸ்க்ராப்பர்’ என்கிறார்கள். அவற்றின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். எனாமல் ஆங்காங்கே குழி விழுந்திருக்கும். பின்புறத்து மிக்கி அச்சு விளிம்புவரை ஓடாமல் ஒரு கரையில் நின்றுவிடும். அசலைக் கொடுத்துவிட்டு இப்படி ஒன்றை வாங்கி வந்தவர், இரவில் விளக்கடியில் பார்த்து உண்மையை அறிகிறார். மறுநாள் மீண்டும் பூங்காவுக்குப் போகிறார். அந்தப் பின்னை அவர் என்ன செய்ய வேண்டும்? அது அவரோடு நின்றுவிட வேண்டும் என்பது என் முடிவு. தெரிந்த கையைத் தாண்டி ஒரு போலி போகலாகாது.

இந்தியாவில் இத்தகைய பூங்காவோ பின் சந்தையோ இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை யோசிக்க நம் நாட்டில் நல்ல இடம் உண்டு. கொல்கத்தாவின் பவானிபூர் அது. அதன் தென்மேற்கு ஓரத்தில், ஆதிகங்கை என்னும் ஒடுங்கிய கால்வாயின் கரையில், காளிகாட் கோயிலும் ஓவியர் குடியிருப்பான பட்டுவாபாடாவும் உள்ளன. இப்போதைய கோயில் கட்டடம் 1809இல் எழுந்தது. அந்த நூற்றாண்டு முழுக்க, தரிசனத்துக்கு வந்தவர்கள் ஊருக்கு எடுத்துப்போகப் பட்டுவாக்கள் ஆலைத்தாளில் விறுவிறுவென்று காளியையும் சிவனையும், காலம் போகப்போக நகரத்து பாபுக்களையும், தாரகேஸ்வர் கோயில் தலைவரான மகந்தின் 1873ஆம் ஆண்டு வழக்கையும் தீட்டிச் சில பைசாவுக்கு விற்றார்கள். யாத்திரையின் நினைவுப்பொருள் என்ற வகையில் பூங்காப் பின்னுக்கும் அந்தப் படத்துக்கும் பெரிய தூரம் இல்லை. பிறகு ஜெர்மனியில் அச்சான மலிவான பளபளப்புப் படங்கள் வந்து குவிந்தன. 1930 வாக்கில் தொழில் அற்றுப்போனது. தெருவில் பைசாவுக்குப் போன தாள்கள் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நூற்றுக்கணக்கில் காக்கப்படுகின்றன. அதே பாணியில் மேற்கு மேதினிபூர் மாவட்டத்து நயா கிராமத்துச் சித்ரகார்கள் இன்றும் வரைகிறார்கள்; தாங்கள் வரைந்தது என்று சொல்லியே விற்கிறார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. அதே தாளில் தேயிலைச் சாற்றைப் பூசிப் பழுப்பேற்றி, 1870ஆம் ஆண்டின் காளிகாட் படம் என்று ஒருவர் விற்றால் அது போலி. கோடு மாறவில்லை, வண்ணம் மாறவில்லை. மாறியது அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட செய்தி.

போலித்தன்மை பொருளுக்குள் இருக்கிறது என்றுதான் நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அது பொருளில் இல்லை என்பதற்குக் காளிகாட்டின் பெயர் தாங்கிய இன்னொரு சான்றும் உண்டு. நாணயவியலார் காளிகாட் புதையல் என்று அழைப்பது 1783இல் கிடைத்த குப்தர் காலப் பொற்காசுக் குவியலை. கல்கத்தாச் செல்வந்தர் நவகிருஷ்ண தேவ் அவற்றைக் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் கொடுத்தார். ஹேஸ்டிங்ஸ் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பினார். ஒரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் வில்லியம் ஹன்டரின் சேகரிப்பு போன்றவற்றுக்கும் போக, எஞ்சியதை உருக்கிவிட்டார்கள். அந்தப் புதையலில் இருந்தவை குப்தப் பேரரசின் இறங்குகாலத்துக் காசுகள். அந்த வம்சத்தின் காசுகளில் தங்கம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்து, விஷ்ணுகுப்தர் காலத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனாலும் அவை அசல் காசுகளே. அரசனின் அச்சில் வந்தவை. இன்று ஒருவர் சுத்தத் தங்கத்தில் அதே காசை அச்சடித்து விஷ்ணுகுப்தர் காசு என்று விற்றால், அதில் தங்கம் இரண்டு மடங்கு இருந்தாலும் அது போலி. மாற்றுக் குறைந்த அசலும் மாற்று உயர்ந்த போலியும் இருக்க முடிகிறது என்றால், உரைகல் நம் கேள்விக்குப் பதில் தராது. பின்னுக்கும் இது பொருந்தும். அசல் வந்த அதே அச்சில், அதே உலோகத்தில், அதே எனாமலில் ஒரு போலி வார்க்கப்பட்டிருந்தாலும் அது போலியே. போலி என்பது பொருளின் குணம் இல்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் பொருளைச் சாட்சி வைத்துச் சொல்லப்படும் ஒரு பொய்.

இந்தியத் தத்துவங்கள் தவறான அறிவைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட உதாரணம் சிப்பியை வெள்ளியாகக் காண்பது. ஒன்றை வேறொன்றாகக் காண்பதே பிழை என்றது நியாயம். எதிரில் தெரிவதையும் நினைவில் உள்ளதையும் பிரித்தறியத் தவறியதே பிழை என்றார் மீமாம்சகரான பிரபாகரர். அந்த வெள்ளி உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்ல முடியாதது என்றது அத்வைதம். ராமாநுஜர் இன்னொரு வழியில் போனார்: சிப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிதளவு உண்டு; வழக்கில் வெள்ளியாக உதவாததால்தான் அந்த அறிவைப் பிழை என்கிறோம் என்றார். மாற்றுக் குறைந்த காசுகளை வைத்து யோசிப்பவருக்கு இந்தக் கருத்து எவ்வளவு நுட்பமானது என்று புரியும். ஆயினும் இவை எல்லாவற்றிலும் சிப்பியின் எதிரில் ஒரே ஒருவர்தான் நிற்கிறார். நம் கேள்வியில் இருவர் நிற்கிறார்கள். ஒருவருக்கு அது சிப்பி என்று தெரியும். மற்றவருக்கு அது வெள்ளியாகத் தெரிகிறது. தெரிந்தவர் அதைத் தெரியாதவர் கையில் வைக்கிறார். அங்கே பிழை பற்றிய ஆராய்ச்சி முடிந்து, வாக்கு பற்றிய ஆராய்ச்சி தொடங்குகிறது. வங்காளத்தின் நவத்வீபத்தில் பின்னாளில் செழித்த நியாய மரபு, நம்பத்தக்கவரான ஆப்தரின் சொல்லை அறிவுக்கு வழியாக ஏற்றது. ஆப்தர் என்றால் முனிவர் மட்டும் அல்லர். ரிஷியோ ஆரியரோ மிலேச்சரோ, தாம் நேராக அறிந்ததை அறிந்தபடி சொல்லும் எவரும் ஆப்தரே என்று அதன் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்கினார். பூங்கா வாசலில் பின்னை நீட்டும் முன்பின் தெரியாதவரும் அந்தக் கணத்தில் ஆப்தராகவே ஏற்கப்படுகிறார். ‘இது அசல்’ என்று அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அசலுக்கு அசல் என்பது விதியாக உள்ள இடத்தில் நீட்டும் கையே அதைச் சொல்லிவிடுகிறது. நான் ஒன்றும் பேசவில்லையே, அவர்தானே எடுத்துக்கொண்டார் என்ற சமாதானம் இதனால்தான் நிற்காது.

இதைப் பொய்யோடு நிறுத்தாமல் ஒரு படி மேலே போனது சமணம். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் விரதங்களையும் அவற்றை மீறும் வழிகளையும் ஐந்தைந்தாக எண்ணிச் சொல்கிறது. போலிச்சரக்கை வியாபாரம் செய்வதை அது வாய்மை விரதத்தின் கீழ் வைக்கவில்லை. திருடாமை விரதத்தின் கீழ் வைத்தது. திருட்டைத் தூண்டுவது, திருட்டுப்பொருளை வாங்குவது, அரசின் தடையை மீறிச் சரக்குக் கடத்துவது, கள்ள எடை வைப்பது ஆகிய நான்கோடு ஐந்தாவதாக அது நிற்கிறது. வியாபாரக் குடும்பங்களை, அதிலும் குஜராத்திகளை, நிறையக் கொண்ட பவானிபூரில் இது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. கடையைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் எதிரில் வரும் அறம். இந்த வகைப்பாட்டின் நியாயம் ஆழமானது. பொய் சொன்னால் எதிராளியின் மனத்தில் தவறான எண்ணம் விழுகிறது. போலியைக் கொடுத்தால் அதோடு சேர்த்து அவரது அசல் நம் கைக்கு வந்துவிடுகிறது. அவர் அதை மனம் ஒப்பித்தான் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அவர் ஒப்பியது அசலுக்கு அசல் என்ற பரிமாற்றத்துக்கு, நடந்தது வேறு. ஒப்புதல் இல்லாமல் பிறர் பொருளை எடுப்பதற்கு என்ன பெயரோ, அதே பெயர்தான் இதற்கும்.

‘தெரியாமல் வந்ததுதானே’ என்ற சமாதானத்தைச் சட்டம் எப்படி எடைபோட்டது என்பதும் கவனிக்கத் தக்கது. மெக்காலே தலைமையிலான சட்டக்குழு கல்கத்தாவில் 1837இல் வரைவு முடித்து, 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம், கள்ளக்காசைக் கைமாற்றுபவரை இரண்டாகப் பிரித்தது. கைக்கு வரும்போதே கள்ளக்காசு என்று அறிந்திருந்து பிறருக்குக் கொடுத்தவருக்கு 239ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை சிறை விதித்தது. வரும்போது அறியாமல் இருந்து, பின்னர் அறிந்து, அசல் என்று தள்ளிவிட்டவருக்கு 241ஆம் பிரிவு இரண்டாண்டுவரை சிறையோ காசின் மதிப்பைப் போல் பத்து மடங்குவரை அபராதமோ விதித்தது. ஏமாந்தவர் மீது சட்டத்துக்கு இரக்கம் இருந்தது. அதனால் தண்டனையைக் குறைத்தது. ஆனால் குற்றமே இல்லை என்று விட்டுவிடவில்லை. அதற்கும் மிக முந்தைய அர்த்தசாஸ்திரம், நாணயப் பரிசோதகர் சரிபார்த்த காசை மட்டுமே கருவூலம் ஏற்க வேண்டும், கெட்ட காசை வெட்டிவிட வேண்டும் என்றது. இன்று வங்கியில் செலுத்தும் நோட்டு கள்ளநோட்டானால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதைத் திருப்பித் தருவதில்லை. அதன்மேல் கள்ளநோட்டு என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, ரசீது மட்டும் கொடுக்கிறார்கள். மாற்று நோட்டு கிடைக்காது. வெட்டுவதும் முத்திரை குத்துவதும் ஒரே கொள்கையின் இரண்டு வடிவங்கள்: போலி என்று தெரிந்த இடத்திலேயே அதன் பயணம் முடிய வேண்டும்.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. அதை ஒதுக்கிவிட முடியாது. ‘போலியைச் செய்தவன் நான் இல்லை. நானும் ஏமாந்தவன். நட்டத்தை நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?’ இதில் உள்ள குமுறல் நியாயமானது. கள்ளநோட்டில் நட்டப்படுபவர் பெரும்பாலும் அதைச் செய்தவர் அல்லர். காய்கறி விற்றவரோ கூலி வாங்கியவரோதான். ஆனால் அந்தக் குமுறல் நியாயப்படுத்துவது ஒன்றை மட்டுமே: ஏமாற்றியவரிடம் திரும்பிப் போய்க் கேட்கும் உரிமையை. அடுத்தவரிடம் போகும் உரிமையை அது தருவதில்லை. எனக்கு அநீதி இழைத்தவர் ஒருவர் இருக்க, அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொருவர் தலையில் அதைக் கட்டுவதற்கு நீதி என்று பெயர் இல்லை. தள்ளிவிடுவதால் நட்டம் அழிவதும் இல்லை. ஆள் மட்டும் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் அது இன்னும் விவரம் குறைந்தவரைத் தேடிப் போகிறது. விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டாரே! ஆகவே இந்தச் சங்கிலியை ஓடவிட்டால் அது வந்து நிற்பது சந்தையின் மிகப் பலவீனமானவரிடம்: பூங்காவில் ஒரு சிறுபிள்ளையிடம், தெருவில் கண் மங்கிய ஒரு கிழவியிடம். முதல் ஏமாற்றுக்காரர் செய்து முடிக்காமல் விட்டதை, ஏமாந்தவர்கள் ஒவ்வொருவராக அவருக்காகச் செய்து முடிக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. ‘அந்தப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. அதற்குப் பிடித்த பொம்மை கிடைத்தது, சந்தோஷப்படுகிறது. யாருக்கு என்ன கேடு?’ இதன் பக்தி வடிவமும் நம் நாட்டில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு என்று சொல்லி, 1818 என்ற ஆண்டோடு ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்த அரை அணா, ஓர் அணாச் செம்பு வில்லைகள் நாடெங்கும் விற்கப்படுகின்றன. கம்பெனி அப்படி அணாக்காசு அடித்ததில்லை. சென்னையில் அது அடித்த மூன்று சுவாமி வராகனில் வேங்கடேசரும் தேவியரும் இருந்தது உண்மை. அந்த உண்மையின் நிழலில்தான் இந்தப் பொய் பிழைக்கிறது. அந்த வில்லையை வாங்கியவர் பூசையில் வைத்து நாள்தோறும் பூவிட்டு வணங்கினால், அந்தப் பக்தி வீணா? இல்லை என்றுதான் சொல்வேன். நம் மரபில் இதற்கு மேலான சான்று மெய்ப்பொருள் நாயனார். திருநீறும் சடையும் பூண்டு ஏடு தாங்கி வந்த முத்தநாதன் பகைவன், வேடம் பொய். நாயனார் அந்த வேடத்தையே மெய்யென்று வணங்கினார். குத்துண்டு விழுந்தபோதும் அவனுக்கு ஊறு நேராமல் ஊர் எல்லைவரை கொண்டுவிடச் செய்தார். சேக்கிழார் போற்றுவது இந்த வணக்கத்தை. ஆனால் நாயனார் காட்டிய பேரன்பால் முத்தநாதனின் கரவு கழுவப்பட்டது என்று எந்தச் சைவரும் சொன்னதில்லை. வணங்கியவரின் மெய்ம்மை வணங்கியவருக்கே உரியது. ஏமாற்றியவர் அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது. பிள்ளையின் சந்தோஷமும் அப்படித்தான். அது பிள்ளையின் வெள்ளை மனம் தந்த சந்தோஷம். அதைக் காட்டி நம்மை விடுவித்துக்கொள்வது, அந்த வெள்ளை மனத்தையே நமக்குக் கேடயமாகப் பிடிப்பது. மேலும் கேடு இல்லை என்பதும் உண்மையன்று. அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு நாள் தன் சேகரிப்பை வேறு யாரிடமாவது மாற்றப்போகும். அன்று அது அறியாமலே போலியைக் கடத்தும். இல்லையென்றால் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, நாம் இன்று நிற்கும் அதே இக்கட்டில் வந்து நிற்கும்.

மூன்றாவது மறுப்பு நிறுவனத்தைச் சுட்டுகிறது. ‘தகரத்திலும் எனாமலிலும் செய்த துண்டுக்குப் பெரிய விலை வைத்து விற்பது அந்த நிறுவனம். இந்த மதிப்பே செயற்கையானது. போலியால் அதற்குச் சில காசு குறைந்தால் நமக்கென்ன?’ மதிப்பு மனிதர் ஏற்படுத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காசின் மதிப்பும் தாளின் மதிப்பும் அப்படித்தான். மனிதர் ஏற்படுத்தியது என்பதாலேயே அது மனிதரின் நேர்மையை நம்பி நிற்கிறது. பொன்னின் எடை போலத் தானாக நிற்காது. இடைக்கால ஐரோப்பாவில் ஸ்பெயினின் சாந்தியாகோ கோயிலுக்கு நடந்து போனவர்கள் சிப்பிச் சின்னத்தை அணிந்து திரும்புவார்கள். அதை வேறு இடங்களில் விற்கக் கூடாது என்று 13ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் தடை விதித்தார்கள். தடைக்குப் பின்னால் கோயிலின் வருமான அக்கறையும் இருந்திருக்கும். ஆயினும் அந்தச் சிப்பியின் பொருள் வருமானம் அன்று. ‘நான் அங்கே நடந்து போனேன்’ என்பதே அதன் பொருள். போகாதவர்களும் அதை அணியத் தொடங்கினால் நட்டப்படுவது நடந்தவர்கள். பின்னிலும் அதுவே. போலி குவியும்போது நிறுவனத்தின் லாபம் குறையலாம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முன்பின் தெரியாத இருவர் ஒரு சொல்லும் பேசாமல் ஒருவரையொருவர் நம்பிப் பொருள் மாற்றிக்கொள்ளும் அபூர்வமான வழக்கம் சந்தேகத்தில் கரைந்துபோகிறது. அந்த நம்பிக்கை நிறுவனத்தின் சொத்து அல்ல. மாற்றிக்கொள்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து. அதைத்தான் போலியைத் தள்ளிவிடுபவர் திருடுகிறார்.

கடைசியாக, ‘எல்லாம் தெரிந்தவரா நாம்?’ என்று கேட்கலாம். 2011இல் கொல்கத்தா அரசு கலைக்கல்லூரியில் ரவீந்திரநாத் தாகூருடையவை என்று காட்சிக்கு வைத்த 20 ஓவியங்கள் போலி என்று இந்தியத் தொல்லியல் துறை அமைத்த குழு சொன்னது. கலைக்கல்லூரியின் சுவரிலேயே போலி தொங்க முடியுமென்றால், ஒரு பின்னின் விளிம்பைத் தடவிச் சாமானியர் எப்படித் தீர்ப்பு வழங்குவது? வழங்க வேண்டியதில்லை. நான் சொல்லும் கடமை அறிந்ததன் அளவுக்கே விரியும். அறியாமல் கொடுத்தவர் மீது பழி இல்லை. சந்தேகப்பட்டவர் தம் சந்தேகத்தையும் பொருளோடு சேர்த்துக் கொடுத்தால் போதும்: ‘இதன் விளிம்பு எனக்குச் சரியாகப் படவில்லை, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வாக்கியம் அவரை ஆப்தராக்கிவிடும். அறிந்தவர் மட்டுமே கட்டுப்பட்டவர். சந்தேகம் வந்தபின் வேண்டுமென்றே உற்றுப் பார்க்காமல் இருப்பதும் அறிந்ததில்தான் சேரும். தெரியாமல் இருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டவர், எதைப் பார்க்கக் கூடாது என்று அறிந்தே மூடிக்கொண்டார்.

ஆக, கையில் தங்கிவிட்ட போலியைத் தூக்கி எறிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. காசும் நோட்டும் போலச் சட்டம் தொடும் பொருளானால் உரியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பின்னோ படமோ நினைவு வில்லையோ ஆனால், அது போலி என்று அழியாத மையில் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளலாம். அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் கற்றுக்கொடுக்கலாம். போலி என்று சொல்லியே இலவசமாகக் கொடுக்கலாம். உண்மையைச் சொல்லிக் கொடுத்த கணத்தில் அது போலி என்ற நிலையிலிருந்தே இறங்கி, வெறும் அழகிய நகலாகிவிடுகிறது. செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: அறிந்ததை மறைத்து அசலின் இடத்தில் வைத்து மாற்றுவது. நட்டம் சிறியதாக இருக்கும்போதே இந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ஒரு பின்னின் நட்டத்தைத் தாங்க மனமில்லாதவர், நாளை ஒரு வீட்டுப் பத்திரத்திலோ மருந்துப் புட்டியிலோ போலியைக் கண்டால் தாங்குவார் என்று நம்ப இடமில்லை.